நான்கு பிள்ளைகள், ஒரு ரப்பர் பேண்டு: சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது எப்படி?

‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள், மனப்பாடமும் செய்வார்கள். அடுத்த பீரியடில் நான்கு பேரை ஒரு சார்ட் பேப்பரோடு உட்காரவைத்தால் நடப்பது வேறு. நன்றாக வரைகிற பிள்ளை பென்சிலை எடுத்துக்கொள்ளும். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கலர் பென்சில் சீவித் தருவாள். ஒருவன் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான்காவது பிள்ளை, “என்னைய வரையவே விட மாட்டேங்குறா மிஸ்” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்.

இதில் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சார்ட்டும் ஒரு பென்சிலும் ஒருவர் செய்கிற வேலைக்கான பொருள்கள். அவற்றைச் சுற்றி நான்கு பேரை உட்காரவைத்தால் மூன்று பேர் வேடிக்கைதான் பார்க்க முடியும். ஒத்துழைப்பு என்பது நீச்சல் போல, சைக்கிள் போல, பழகிப் பழகி வருகிற ஒரு திறன். அதைப் பழக்க நினைக்கும் பெரியவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கேற்ற வேலையை எப்படி அமைப்பது என்பதைத்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஒத்துழைப்பு எது, எது இல்லை

தன் பொம்மையைத் தம்பிக்குக் கொடுப்பது பகிர்தல். அம்மா சொன்னதும் செருப்பை எடுத்து ஓரமாக வைப்பது சொல்பேச்சு கேட்டல். கீழே விழுந்த பாட்டியின் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது உதவி. மூன்றும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் ஒத்துழைப்புக்கு வேறு அமைப்பு வேண்டும்: எல்லோருக்கும் ஒரே இலக்கு, ஆளுக்கொரு பங்கு, ஒருவர் பங்கு நின்றால் மற்றவர் வேலையும் நிற்பது.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு கொலுசு போதும். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுக்க வேண்டும், கம்பியை வளையமாக்கிக் கோக்க வேண்டும், கோத்ததைப் பற்றவைக்க வேண்டும், சலங்கை கட்ட வேண்டும், மெருகு போட வேண்டும். சேலத்தில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கடைக்குப் போகும் ஒரு ஜோடி கொலுசு அதற்குள் பல கைகள் மாறியிருக்கும். வீட்டில் இருக்கிற கொலுசைக் கையில் கொடுத்து, “இதுல எத்தனை வேலை தெரியுது, எண்ணிச் சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். பற்றவைத்தவர் ஒரு வளையத்தை விட்டிருந்தால் மெருகு போட்டவரின் உழைப்பும் வீண் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கே புரியும். (பட்டறை வேலையை விளக்கிச் சொல்வதும் பட்டறைக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.)

எந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தனியாகவே இதை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது முடித்துவிடும், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அடுத்தது, ஒருவர் சும்மா இருந்தால் அது எல்லோர் கண்ணிலும் படுமா? படாது என்றால் யாராவது சும்மா இருக்கத்தான் செய்வார்கள். சார்ட் பேப்பர் இந்த இரண்டு கேள்வியிலுமே தோற்றுவிடுகிறது.

ரப்பர் பேண்டும் ஆறு பேப்பர் கப்பும்

இரண்டு கேள்வியிலும் தேறுகிற, பத்து ரூபாய்கூட ஆகாத ஒரு விளையாட்டு இருக்கிறது. ஏழு வயதுக்கு மேற்பட்ட நான்கு பிள்ளைகளுக்கு இது சரியாக இருக்கும். டீக்கடைப் பேப்பர் கப் ஆறு, சாதாரண ரப்பர் பேண்டு ஒன்று, சணல் கயிறோ தடித்த நூலோ 60 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு. நான்கு துண்டுகளையும் ரப்பர் பேண்டில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். பெஞ்சின் மேல் கப்புகளைக் கவிழ்த்துப் பரப்பி வையுங்கள். ஆளுக்கு ஒரு கயிறு. கயிற்றின் கடைசி நுனியை மட்டும் ஒரு கையால் பிடிக்க வேண்டும், கப்பைக் கையால் தொடக் கூடாது. கீழே மூன்று, அதன் மேல் இரண்டு, உச்சியில் ஒன்று என்று கோபுரம் கட்ட வேண்டும். விதி இவ்வளவுதான்.

பேண்டைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. சும்மா இருக்கும்போது அதன் வட்டம் கப்பின் அடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய பேண்டு கப்பைப் பிடிக்காது. மிகச் சிறியதாக, தடிமனாக இருந்தால் பிள்ளைகள் வெடுக்கென்று இழுப்பார்கள், கப் நசுங்கும். முதலில் நீங்களே விரல்களால் பேண்டை விரித்து ஒரு கப்பில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். தூக்க வந்தால் சரி. கவிழ்த்த கப் மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். பேண்டு பாதிக்குக் கீழே இறங்கிப் பிடித்தால்தான் தூக்கும்போது மேல்பக்கமாக நழுவாமல் இருக்கும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பேண்டு விரிய வேண்டுமானால் நால்வரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். கப்பைப் பிடிக்க வேண்டுமானால் நால்வரும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் பலமாக இழுத்தால் பேண்டு அவர் பக்கம் ஓடிக் கப்பைத் தள்ளிவிடும். தூக்கும்போது ஒருவர் கை தாழ்ந்திருந்தால் கப் சாயும். பெரும்பாலும் கோபுரம் இடிவது கடைசிக் கப்பை வைத்த பிறகுதான். வைத்தாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் ஒருவர் கயிற்றை முதலில் விடுவார், பேண்டு சுண்டும், ஆறும் உருளும். அந்த நேரத்தில் “யாருடா விட்டது?” என்று நீங்கள் கேட்காதீர்கள். அதைப் பிள்ளைகளே கேட்பார்கள். “அடுத்த தடவை எப்படி விடலாம்?” என்ற கேள்வி மட்டும் உங்களுடையது.

முதல் ஐந்து நிமிடம் நான்கு வாயும் ஒன்றாகப் பேசும். “இழுடா”, “நீ விடு”, “அய்யோ, அந்தப் பக்கம்!” அதற்குப் பிறகு யாராவது ஒருவர் “ஒன்னு, ரெண்டு, மூனு” என்று எண்ணத் தொடங்குவார். இந்த விளையாட்டில் பிள்ளைகள் கற்கும் மிகப் பெரிய விஷயம் அதுதான், அதனால் அது அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால், “எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கணும்னா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?” என்று ஒரு முறை கேளுங்கள். இரண்டாம் சுற்றில் ஒருவர் மட்டும் பேசலாம், மூன்றாம் சுற்றில் யாரும் பேசக் கூடாது. பேசாமல் கட்டும்போது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை.

மூன்று பேர் இருந்தால் மூன்று கயிறு, ஐந்து பேர் என்றால் ஐந்து கயிறு. ஐந்தாவது பிள்ளையை ‘மேற்பார்வை’ என்று நிற்கவைக்காதீர்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கோபுரம் வேண்டாம், ஒரு கப்பைப் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோனாலே போதும்.

ஏன் நான்கு பேர்?

‘ஊர் கூடித் தேர் இழு’ என்பது சரிதான். ஆனால் வடம் பிடித்த ஒவ்வொருவரும் தன் முழுப் பலத்தையும் போடுவதில்லை. பிரான்ஸில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் இருந்த பலத்தில் ஆளுக்குச் சுமார் பாதிதான் வந்தது. இதற்கு இரண்டு காரணம். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒன்று. கூட்டத்தில் தன் பங்கு தெரியாது என்பதால் கை தானாகவே தளர்வது மற்றொன்று.

தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் மட்டும் தளரவே மாட்டார். அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான், அவர் தவறினால் தேர் தறிகெட்டுப் போகும். பிள்ளைகளின் குழுவில் ஒவ்வொருவருக்கும் முட்டுக்கட்டைக்காரரைப் போன்ற ஒரு வேலை இருக்க வேண்டும். குழு எட்டு, பத்து என்று பெருத்தால் அப்படிப் பிரிக்க முடியாது. புதிதாகப் பழகும்போது இருவர், பிறகு மூவர், நால்வர். ஐந்துக்கு மேல் போக வேண்டாம்.

இருவராகத் தொடங்க வீட்டிலேயே நல்ல வேலை ஒன்று உண்டு: போர்வை மடிப்பது. நான்கரை, ஐந்து வயதிலேயே செய்யலாம். ஆளுக்கு இரண்டு மூலை. விரித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒருவர் நான்கு மூலைகளையும் வாங்கிக்கொள்ள, மற்றவர் கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துப் பின்வாங்க வேண்டும். மூலையைக் கைமாற்றிப் பிடித்தால் போர்வை முறுக்கிக்கொள்ளும். அப்போது அதை நீங்கள் வாங்கி மடித்துவிட்டால் போயிற்று. முறுக்கை அவர்களே அவிழ்க்கட்டும்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்

அங்கன்வாடியில் இரண்டரை வயதுப் பிள்ளைகள் இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு டப்பாவில் மண் நிரப்பிக்கொண்டிருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். இது பிடிவாதம் இல்லை, அந்த வயதின் விளையாட்டே அதுதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே இதை வரிசைப்படுத்தியிருக்கிறார்: தனியாக ஆடுவது, பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது, கலந்து ஆடுவது, கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டு சேர்ந்து ஆடுவது. கடைசிப் படி நான்கு வயதையொட்டித்தான் தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதுவரை ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு, மூன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். ஒரே பொம்மையை வைத்துக்கொண்டு “பாப்பாவுக்குக் குடு, குடு” என்று பிடுங்கிக் கொடுத்தால், பலமுள்ளவர் பிடுங்கலாம் என்ற பாடம்தான் பிள்ளைக்குப் போகும்.

அதற்காக மூன்று வயதுக்குள் ஒன்றும் வராது என்று நினைத்துவிட வேண்டாம். வார்னெக்கன், டொமசெல்லோ என்ற இருவர் 2006-இல் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. துணி உலர்த்துகிற ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிப்பார், குழந்தை தானாகப் போய் எடுத்துக் கொடுக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கிளிப் டப்பாவைக் குழந்தையிடமே கொடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டட்டும், வேலை இரண்டு மடங்கு நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. அதே இருவர் 2008-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. கிளிப் கொடுத்ததற்குச் சாக்லேட் வேண்டாம்.

பகிரக் கற்றுக்கொடுப்பதற்கும் சேர்ந்து உழைப்பதே குறுக்கு வழி. மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு கயிற்று முனையைச் சேர்ந்து இழுத்துப் பெற்ற கோலிக்குண்டுகளைப் பெரும்பாலும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். சும்மா கிடைத்த குண்டுகளை அப்படிப் பிரிக்கவில்லை. இது 2011-இல் வெளியான ஆய்வு. கடையில் வாங்கி வந்த மல்கோவாவுக்குச் சண்டை போடும் அண்ணன் தங்கையிடம் அடுத்த முறை பையின் ஆளுக்கொரு காதைக் கொடுத்து வீடு வரை தூக்கி வரச் சொல்லுங்கள். அலசுவது ஒருவர், துடைத்து அடுக்குவது ஒருவர். அதற்குப் பிறகு பிரிக்கிற வேலையை அவர்களிடமே விடுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளால் திட்டமிட முடியும், வேலையைப் பிரித்துக்கொள்ள முடியும், எங்கே பிசகியது என்று திரும்பிப் பார்க்கவும் முடியும். வகுப்பறைப் பாடத்தையே கூட்டு வேலையாக மாற்றிவிடக் கூடிய வயது அது.

வகுப்பறையில்: பாடத்தை நான்காகக் கிழிப்பது

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்க வழியினர் என எல்லாப் பிள்ளைகளும் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தன்னிடம் இல்லாத துண்டைத் தெரிந்துகொள்ள, அடுத்தவர் பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும். இன்றும் இதைவிட எளிய முறை வேறு இல்லை.

‘நம் ஏற்காடு’ என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு சீட்டு எழுதுங்கள், சீட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாக்கியம். முதல் சீட்டு உயரம்: சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும். இரண்டாவது காப்பி: 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார், அராபிகா வகைக்குக் குளிர்ச்சியும் நிழலும் வேண்டும். மூன்றாவது நிழல் மரம்: சில்வர் ஓக் மரம் காப்பிக்குக் குடை, அதே மரத்தில் மிளகுக் கொடி ஏறும், மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாத்த வேண்டும். நான்காவது பறிப்பு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழுத்த சிவப்புப் பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வர வேண்டும், பறித்த பழத்தைத் தாமதிக்காமல் தோல் நீக்க வேண்டும்.

24 பிள்ளைகள் என்றால் நால்வர் கொண்ட ஆறு குழு. குழுவுக்குள் ஆளுக்கொரு சீட்டு. முதலில் 5 நிமிடம் தன் சீட்டைத் தனியாகப் படிக்க வேண்டும். பிறகு ஒரே சீட்டு வைத்திருக்கும் ஆறு பேரும் ஒன்றாகக் கூடி, 10 நிமிடம் பேசி, அதை எப்படிச் சொல்லித்தருவது என்று தயாராக வேண்டும். ஆறு பேர் அதிகமாகத் தோன்றினால் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். அதன் பின் சொந்தக் குழுவுக்குத் திரும்பி, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளுக்கு 4 நிமிடம் சொல்லித்தர வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: ‘ஏற்காட்டில் விளையும் காப்பி கீழே சேலத்தில் ஏன் நன்றாக விளைவதில்லை? ஏற்காட்டில் மரத்தை எல்லாம் வெட்டிவிட்டால் காப்பியும் மிளகும் பறிப்பவரின் வேலையும் என்ன ஆகும்?’ ஒரு சீட்டை மட்டும் படித்தவரால் இதற்குப் பதில் எழுத முடியாது. எல்லாம் சேர்த்து 45 நிமிடத்துக்குள் முடியும்.

பலரும் முதல் தடவை தடுக்கி விழும் இடம் இரண்டாவது கட்டம்தான். நேரமில்லை என்று ஒரே சீட்டுக்காரர்கள் கூடிப் பேசுவதை வெட்டிவிடுவார்கள். சரளமாக வாசிக்க வராத பிள்ளை அப்போது தன் குழுவின் முன்னால் திணறிப்போய்விடும், மற்ற மூவரும் அவன்மேல் எரிச்சல்படுவார்கள். அந்தப் பத்து நிமிடம் அவனுக்காகத்தான் இருக்கிறது. அங்கே கேட்டு, சொல்லிப் பார்த்து, தெம்போடு திரும்புவான். அடுத்த தவறு, சீட்டைப் பார்த்து வாசிக்க விடுவது. வாசிப்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. யாராவது வரவில்லை என்றால் அந்தச் சீட்டை அதே குழுவில் இருவருக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

மதிப்பெண்ணைக் குழுவுக்கென்று மொத்தமாகப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் ஒரு பிள்ளை முழு வேலையையும் இழுத்துச் செய்யும், “எல்லாத்தையும் நானே செஞ்சேன் டீச்சர்” என்று மனம் கசந்துபோகும். அதற்குப் பதிலாகக் குழுவில் 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துவிடுங்கள். பேசி முடித்ததும் நீங்கள் ஏதாவது ஒரு எண்ணைக் கூப்பிட, அந்த எண்காரர் எழுந்து குழுவுக்காகப் பதில் சொல்ல வேண்டும். எந்த எண் என்று முன்னால் தெரியாததால், நால்வருக்கும் புரிந்ததா என்று குழுவே பார்த்துக்கொள்ளும்.

குழுவுக்குக் குழு போட்டி

போட்டி வைத்தால் குழுவுக்குள் ஒற்றுமை சீக்கிரம் வரும். அதே வேகத்தில் எதிர்க் குழுவின்மேல் வெறுப்பும் வரும். 1954-இல் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 11 வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிக் கோடை முகாம் நடத்தினார். கயிறு இழுக்கும் போட்டியும் பரிசும் வைத்ததும் கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது வரை போயிற்று. ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள், சாப்பாட்டைத் தூக்கி எறிந்துகொண்டார்கள். முகாமின் தண்ணீர் குழாய் அடைத்துக்கொண்டபோதும், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் நிலைமை மாறியது. கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரண்டு அணியும் சேர்ந்து இழுத்தார்கள்.

இதில் நம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு பாடம் உண்டு. ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்த பிறகு இரண்டும் சேராமல் நடக்காத வேலை ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது அதற்கு ரொம்பப் பொருத்தம். அளவு டேப்பின் ஒரு முனை ஒரு ஹவுஸிடம், மறுமுனை இன்னொரு ஹவுஸிடம். கயிறு கட்டுவது ஒருவர், பொடி தூவுவது மற்றவர். கோடு கோணலானால் இரண்டு ஹவுஸின் ஓட்டமும் கெடும். நாற்காலி விளையாட்டையும் மாற்றி அமைக்கலாம். பாட்டு நிற்கும்போது நாற்காலியை எடுங்கள், பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். மிச்சமிருப்பதில் எல்லோருக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. பிளாஸ்டிக் நாற்காலி உடைந்துபோகும், அதனால் கோணிச் சாக்கை விரித்து ஆடுங்கள்.

பெரியவர் என்ன பேச வேண்டும்

சண்டை வந்ததும் ஓடாதீர்கள். அடி விழாதவரை இரண்டு நிமிடம் காத்திருங்கள், பாதிச் சண்டை அதற்குள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் போய்த் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “அவ என்ன சொல்றா, நீ சொல்லு பார்க்கலாம்” என்று கேளுங்கள். எதிராளி சொன்னதைத் தன் வாயால் சொல்ல வைத்தால் குரல் தானாகத் தணியும். பிறகு அவளிடமும் அதையே கேளுங்கள். அதன் பின், “இப்ப வேலை எந்த இடத்துல நிக்குது?” என்ற கேள்வி பேச்சைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவரும். “சாரி சொல்லு” என்று கட்டாயப்படுத்துவதால் சத்தம் அடங்குமே தவிர வேலை நகராது.

பாராட்டும்போது ‘சூப்பர்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “அவன் முடிக்கிற வரைக்கும் நீ கயித்தைப் பிடிச்சிட்டே நின்னியே, அதனாலதான் கோபுரம் நின்னுச்சு” என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் “உங்க அக்காவைப் பாரு” என்ற ஒரு வாக்கியத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒப்பிட்டு வளர்த்த இரண்டு பேர் ஒரே வேலையில் எப்படிக் கைகோப்பார்கள்?

எல்லாவற்றையும் தானே செய்ய நினைக்கும் பிள்ளைக்கு, மற்ற மூவரிடமும் யோசனை கேட்டு எழுதும் வேலையைக் கொடுங்கள். ஒதுங்கும் பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், குழுவுக்குக் கட்டாயம் தேவைப்படும் பொருளை அதன் கையில் கொடுங்கள், பேச்சு தானாக வரும். உடல் குறைபாடுள்ள பிள்ளைக்கு இரக்கப்பட்டுப் பெயரளவுக்கு ஒரு வேலை தருவது மிகவும் தவறு. அந்தப் பிள்ளை நிறுத்தினால் வேலை நிற்க வேண்டும், அப்படிப்பட்ட பங்காகத் தேடிக் கொடுங்கள். சும்மா இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அதன் பங்கைப் பாருங்கள். மிகச் சிறியதாக இருக்கும், அல்லது அதன் சக்திக்கு மீறியதாக இருக்கும்.

குழுவை வாரா வாரம் கலைக்காதீர்கள். ஒரு குழு நான்கிலிருந்து ஆறு வாரம் சேர்ந்து இருந்தால்தான் சண்டையைத் தாண்டி வேலைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை: தட்டுவடை செட்

அடுப்பில்லாமல் நான்கு பிள்ளைகள் சேர்ந்து செய்யச் சேலத்துக்கென்றே இருக்கும் தின்பண்டம் தட்டுவடை செட்: இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும். ஆளுக்கு இரண்டு என்றால் எட்டு செட், அதற்கு 16 தட்டுவடை. உடைவதற்கும் சேர்த்து 20 வாங்குங்கள். நடுத்தரக் கேரட் இரண்டு, சிறிய பீட்ரூட் ஒன்று, பெரிய வெங்காயம் ஒன்று, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரை எலுமிச்சம்பழம், பச்சைச் சட்னி அரை கப், சிவப்புச் சட்னி அரை கப். சட்னியை நீங்கள் அரைத்து வையுங்கள், வெங்காயத்தையும் நீங்களே நறுக்கிக் கொடுத்துவிடுங்கள். துருவுவது ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். துருவிய பீட்ரூட்டைப் பிழிந்து வைக்கவில்லை என்றால் நீர் விட்டுத் தட்டுவடையைக் கெடுத்துவிடும்.

முதல் பிள்ளை தட்டுவடையை வைத்துப் பச்சைச் சட்னி தடவ வேண்டும். இரண்டாவது பிள்ளை கேரட், பீட்ரூட். மூன்றாவது வெங்காயம், கொத்தமல்லி, இரண்டு சொட்டு எலுமிச்சை. நான்காவது, மேல் தட்டுவடையின் உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவி மூடி, மெல்ல அழுத்த வேண்டும். ஒருவர் பொருளை இன்னொருவர் தொடக் கூடாது.

சட்னி பட்ட தட்டுவடை காத்திருக்காது, சில நிமிடங்களில் நமத்துப்போகும். முதல் பிள்ளை உற்சாகத்தில் எட்டுக்கும் ஒரேயடியாகச் சட்னி தடவிவிட்டால், கேரட் வந்து சேர்வதற்குள் கடைசி நான்கு துவண்டுவிடும். நான்காவது பிள்ளை அதை அழுத்தும்போது மொறுமொறு சத்தம் வராது. தன் வேகத்தை அடுத்தவர் வேகத்தோடு பொருத்த வேண்டும் என்பதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, தட்டுவடை சொல்லிவிடும். நான்கு செட் முடிந்ததும் நிறுத்தி, “எங்க தேங்குச்சு?” என்று கேளுங்கள். “கேரட்தான் லேட்டு” என்பார்கள். தடவுபவர் ஒவ்வொன்றாகத் தடவலாம், அல்லது பொருள் தொடும் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேரட்டுக்கு இன்னொரு கை சேர்க்கலாம். எதைச் செய்வது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். அடுத்த நான்கு செட்டுக்கு வேலையை இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றி உட்கார்ந்த பிறகுதான், கேரட் வைப்பது ஏன் மெதுவாக நடக்கிறது என்று சட்னி தடவியவருக்குப் புரியும்.

உடைந்த தட்டுவடைகளைத் தனியாக ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். மிச்சமிருக்கும் காய், சட்னியோடு ஒரு கைப்பிடி பொரி சேர்த்து நொறுக்கினால் நொறுக்கல் ஆகிவிடும். பாத்திரம் ஒன்று, கரண்டி ஒன்று. யார் நொறுக்குவது, யார் கலக்குவது, யார் பிரித்து வைப்பது என்பதை நால்வரும் பேசி முடிக்கட்டும். தட்டுகளைக் கழுவும் இடத்தில் நீங்கள் இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து வையுங்கள், ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசுவதற்கு.